வண்ண நாவாய்ப்பூச்சிகளைக் குறிகளை வைத்து அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சிவப்பு உடம்பு, முதுகில் கருப்புப் புள்ளிகள். இந்த வர்ணனைக்குப் பொருந்தும் நாவாய்ப்பூச்சிகள் ஏழெட்டுக் குடும்பங்களில் இருக்கின்றன. அவற்றில் சில பருத்திக்காயைக் கெடுப்பவை. சில, அந்தக் கெடுப்பவற்றையே குத்தி உறிஞ்சுபவை. இன்னும் சில, எருக்கு மாதிரிப் பால் வடியும் செடிகளில் காலம் தள்ளுபவை. நெருங்கிய சொந்தம்கூட இல்லாத இவை ஒரே மாதிரி உடுத்தித் திரிவதற்குக் காரணம் உண்டு. சிவப்பும் கருப்பும் பறவைகளுக்கான எச்சரிக்கை. கசக்கும் பூச்சி ஒன்றைக் கொத்தித் துப்பிய பறவை, அந்த நிறத்தில் வரும் எதையும் அடுத்த முறை தொட யோசிக்கும். பூச்சிகளுக்கு லாபமான இந்த ஏற்பாடு, அவற்றுக்குப் பெயர் தேடும் நமக்குத்தான் தலைவலி.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வற்புறுத்தப் போகிறது: "என்ன நிறம்?" என்று கேட்பதற்கு முன் "எந்தப் பாகத்தில்?" என்று கேளுங்கள். நிறம் வயதுக்கு ஏற்ப மாறும், குளிருக்கு மாறும், ஆண் பெண்ணுக்கு மாறும், செத்தபிறகும் மாறும். ஒரு புள்ளி எந்தத் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

படி 1: வண்டா, நாவாய்ப்பூச்சியா?

மூட்டைப்பூச்சி, நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி, கசக்கினால் நாறும் பச்சைப் பூச்சி எல்லாம் ஒரே கூட்டம், நாவாய்ப்பூச்சிகள். உலகில் 40,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் சூட்டியிருக்கிறார்கள். இவற்றோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுபவை வண்டுகள், அதிலும் குறிப்பாகப் பொறிவண்டுகள்.

முதுகை நேர் மேலிருந்து பாருங்கள். வண்டின் இரண்டு முன்சிறகுகளும் முழுக்கக் கெட்டியான ஓடுகள். அவை நடுவில் சந்திக்கும் இடத்தில் நேர்கோடு ஒன்று ஓடும். நாவாய்ப்பூச்சியின் முன்சிறகு பாதி தோல் போலத் தடித்தும் மீதி கண்ணாடித்தாள் போல மெலிந்தும் இருக்கும். இரண்டு சிறகுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் முதுகில் பெருக்கல் குறி தெரியும்.

உணர்கொம்பையும் எண்ணிவிடலாம். நாவாய்ப்பூச்சிக்கு நான்கு அல்லது ஐந்து நீளமான கணுக்கள்தான். வண்டுகளுக்குப் பெரும்பாலும் பதினொன்று. பூச்சியைப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தால் சந்தேகமே வேண்டாம்: வண்டுக்குக் கடிக்கும் தாடை, நாவாய்ப்பூச்சிக்குத் தலைக்கு அடியில் மடித்து வைத்த உறிஞ்சுகுழல்.

ஒரு விதிவிலக்கு இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலோகம் போல மின்னும் மணிநாவாய்ப்பூச்சிகளில் முதுகுத் தகடு ஒன்று வளர்ந்து சிறகு முழுவதையும் மூடிவிடுகிறது. பெருக்கல் குறியும் இல்லை, நடுக்கோடும் இல்லை. நடுக்கோடு இல்லாத வழவழப்பான முதுகு என்றால் அது வண்டு அல்ல.

படி 2: முதுகை ஐந்து துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

கலைச்சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பின்வரும் எளிய பெயர்கள் போதும். இனி முழுவதும் இவற்றையே பயன்படுத்துகிறேன்.

தலைக்குப் பின்னால் அகலமாகத் தெரிவது தோள்தகடு. அதன் முன்விளிம்பு, பின்விளிம்பு, இரு பக்கவிளிம்புகள் என நான்கு ஓரங்களையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். தோள்தகட்டுக்குப் பின்னால், சிறகுகளுக்கு நடுவில், கூர்முனை பின்னோக்கி இருக்கும் முக்கோணம். அதன் இருபுறமும் சிறகின் தடித்த பாதி, அதாவது தோல்பகுதி. அதற்குப் பின்னால் மெலிந்த பாதி, சவ்வு. கடைசியாக வயிற்று விளிம்பு: மூடிய சிறகுக்கு வெளியே வயிற்றின் ஓரம் பிதுங்கித் தெரியும் பட்டை.

ஒரு தாளில் இந்த ஐந்தையும் கோட்டுப் படமாக வரைந்து பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், பார்க்கும் ஒவ்வொரு பூச்சிக்கும் பென்சிலால் நிழலிட்டால் போதும். ஒளிப்படம் கைவசம் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். வரையும்போதுதான் "அந்தப் புள்ளி தோல்பகுதியிலா, சவ்விலா?" என்ற கேள்வியே எழும். படம் எடுப்பவர் அதைக் கேட்காமலே நகர்ந்துவிடுவார்.

படி 3: வளர்ந்த பூச்சியா, இளம்பூச்சியா?

நாவாய்ப்பூச்சிகளுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி பெரும்பாலான இனங்களில் ஐந்து முறை சட்டை உரித்து, ஐந்தாவது முறையில் சிறகோடு வெளிவருகிறது. இந்த இளம்பூச்சிகளின் நிறம் தாய் தகப்பனை ஒத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பச்சை நாவாய்ப்பூச்சி நெசாரா விரிடுலா இதற்குச் சரியான உதாரணம். முட்டையிலிருந்து வந்தவுடன் ஆரஞ்சு. பிறகு கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். கடைசிப் பருவத்தில் பச்சை, சிவப்பு, வெள்ளை எல்லாம் கலந்த கோலாகலம். வளர்ந்தால் வெறும் பச்சை! இணையத்தில் "அரிய வண்ணப் பூச்சி" என்று சுற்றும் படங்களில் கணிசமானவை இதன் பிள்ளைகள்தான்.

சவ்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், தோள்தகட்டுக்குப் பின்னால் இரண்டு குட்டை மடல்கள் மட்டும் இருந்தால் அது இளம்பூச்சி. வயிற்றின் மேற்புறம் நடுவில் வரிசையாக இரண்டு அல்லது மூன்று கருந்திட்டுகள் தெரிந்தால் அதுவும் இளம்பூச்சியின் அடையாளமே. அவை அலங்காரம் அல்ல, நாற்றச் சுரப்பிகளின் வாய்கள். வளர்ந்தபின் அந்த வேலையைச் செய்யும் சுரப்பி மார்பின் அடிப்பக்கத்தில் திறக்கிறது.

எச்சரிக்கை: ஐரோப்பாவில் சாதாரணமான நெருப்புப்பூச்சி பைரோகோரிஸ் ஆப்டெரஸ் வளர்ந்தபிறகும் பெரும்பாலும் குட்டைச் சிறகோடுதான் இருக்கும். சவ்வு அநேகமாகத் தெரியாது. ஆனால் தோல்பகுதியும் முக்கோணமும் தெளிவாகப் பிரிந்திருக்கும். இளம்பூச்சியின் மடல்களில் அந்தப் பிரிவு இருக்காது.

படி 4: குறிகளுக்கு முன் குடும்பம்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே புள்ளிகளுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் சுற்றி அலைகிறார்கள். நான்கு சோதனைகள் போதும்.

உணர்கொம்பில் ஐந்து கணுக்கள் இருந்து உடம்பு கேடயம் போல அகலமாக இருந்தால், அது பெரும்பாலும் நாற்ற நாவாய்ப்பூச்சிகளின் குடும்பமான பென்டடோமிடே அல்லது மணிநாவாய்ப்பூச்சிகளின் ஸ்கூடெல்லரிடே. நான்கு கணுக்கள் என்றால் மற்றவை.

அடுத்தது தனிக்கண்கள். பெரிய கூட்டுக்கண்கள் இரண்டுக்கும் நடுவே, தலையின் மேல், பளபளக்கும் இரண்டு சிறு மணிகள் தெரிகின்றனவா? நல்ல உருப்பெருக்கி வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். எருக்கு, பால்செடிகளில் வாழும் லைகேயிடே குடும்பத்துக்குத் தனிக்கண்கள் உண்டு. பருத்திப்பூச்சி, நெருப்புப்பூச்சி அடங்கிய பைரோகோரிடே குடும்பத்துக்கும், அதன் உறவான லார்கிடே குடும்பத்துக்கும் இல்லை. சிவப்பு-கருப்புக் கூட்டத்தை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளக்கும் சோதனை இது. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பயன் தருவதும் இதுதான்.

மூன்றாவது, சவ்வின் நரம்புகள். லைகேயிடேயில் நான்கைந்து எளிய நரம்புகள். கோரியிடே, ரோபாலிடே குடும்பங்களில் எண்ண முடியாத அளவுக்கு நிறைய. கொல்லி நாவாய்ப்பூச்சிகளான ரெடுவிடேயில் இரண்டு பெரிய மூடிய அறைகள்.

நான்காவது, தோல்பகுதியின் கடைசியில் தனியாக வெட்டி ஒட்டியது போல ஒரு சிறு ஆப்பு வடிவத் துண்டு இருந்து, சிறகு அங்கே கீழ்நோக்கி மடிந்திருந்தால், அது மிரிடே. தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் பூச்சி இந்தக் குடும்பம்தான்.

படி 5: குறிகளைப் பாகம் பாகமாக வாசியுங்கள்

இப்போதுதான் புள்ளிக்கும் கோட்டுக்கும் வருகிறோம். முன்னிருந்து பின்னாக, தோள்தகட்டில் ஆரம்பித்துச் சவ்வில் முடியுங்கள். எப்போதும் அதே வரிசை.

*கழுத்தில் வெள்ளைப்பட்டை.* பருத்தியில் சிவப்பாக ஒரு பூச்சி. தலைக்கும் தோள்தகட்டுக்கும் நடுவே வெள்ளைக் கழுத்துப்பட்டை. முக்கோணம் கருப்பு, இரண்டு தோல்பகுதிகளிலும் ஒவ்வொரு கருப்புப் புள்ளி, ஆக மூன்று கருப்புக் குறிகள். சவ்வு கருப்பு. கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள். இது சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி, டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். இதன் நெருங்கிய உறவான டிஸ்டெர்கஸ் கோனிகி ஏறக்குறைய அச்சு அசலாக இருக்கும். கோனிகி சற்றே சிறியது. சிங்குலேட்டஸின் தொடைகளில் கருப்பு கூடவும் குறையவும் வரும்.

அதே செடியில் அதே சிவப்பில் வெள்ளைக் கழுத்துப்பட்டை இல்லாமல் ஒன்று நடமாடினால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது ஆன்டிலோகஸ் கோக்பெர்ட்டியாக இருக்கலாம். அதுவும் பைரோகோரிடே குடும்பமே, தனிக்கண் இல்லாததே. ஆனால் அது பருத்தி நாவாய்ப்பூச்சியைப் பிடித்து உறிஞ்சும் வேட்டைக்காரன். கழுத்துப்பட்டையைக் கவனிக்காமல் "எல்லாம் ஒன்றுதான்" என்று மருந்தடித்தால் நண்பனும் சேர்ந்து போவான்.

*சவ்வில் வெள்ளைப் புள்ளி.* ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் காணப்படும் லைகேயஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் பூச்சியின் கருப்புச் சவ்வில் தெளிவான வட்ட வெள்ளைப் புள்ளி இருக்கும். அதைப் போலவே சிவப்பும் கருப்புமாக வரும் ஸ்பைலோஸ்டெதஸ் சாக்ஸாடிலிஸ் பூச்சிக்கு அந்தப் புள்ளி கிடையாது. எருக்கஞ்செடியில் நாம் அதிகம் காணும் ஸ்பைலோஸ்டெதஸ் பாண்டுரஸ் இந்த விதிக்குக் கட்டுப்படாது. சவ்வில் வெள்ளைப் புள்ளி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அதற்குத் தோள்தகட்டைத்தான் பார்க்க வேண்டும்: நீளவாக்கில் நெளிந்து ஓடும் இரண்டு கருப்புப் பட்டைகள். தலையின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு, அதன் இருபுறமும் கருப்பு.

*முகம் கருப்பா, நடுவில் சிவப்பா?* நெருப்புப்பூச்சிக்குத் தோல்பகுதி ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வட்டப் புள்ளி, அதற்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி. தலை முழுக்கக் கருப்பு. கோரிசஸ் ஹையோசையமி என்ற பூச்சி மேலோட்டமாக அதேதான். ஆனால் தலையின் நடுவில் சிவப்பு, உடம்பெல்லாம் மெல்லிய ரோமம், தலையில் தனிக்கண்கள், சவ்வில் ஏராளமான நரம்புகள். அது ரோபாலிடே. இந்த இரண்டையும் பிரிக்க முதுகின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பது வீண். தலையைப் பார்த்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

*குறுக்குப்பட்டையா, பெருக்கல் குறியா?* வட அமெரிக்காவில் பால்செடிகளில் இரண்டு பூச்சிகள் ஒன்றாகவே காணப்படும். ஆன்கோபெல்டஸ் ஃபேஸியேட்டஸ் பெரியது, 10 முதல் 18 மி.மீ. வரை. ஆரஞ்சு உடம்பின் நடுவே அகலமாக ஒரு கருப்புப் பட்டை குறுக்கே ஓடும். அதற்கு முன்னால் ஒரு கருந்திட்டு, பின்னால் கருப்புச் சவ்வு. ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்படும் பூச்சி இது. லைகேயஸ் கால்மி சிறியது. அதன் தோல்பகுதிகளின் சிவப்பு முதுகில் பெருக்கல் குறி போலச் சேர்ந்து நிற்கும், தோள்தகட்டில் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. முதலாவதில் குறியைக் கருப்பு வரைகிறது, இரண்டாவதில் சிவப்பு வரைகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அங்கேயே வீட்டுச் சுவர்களில் வெயில் காயக் கூட்டமாக வரும் பாக்ஸெல்டர் பூச்சியான போய்சியா ட்ரைவிட்டேட்டாவும் சிவப்பு-கருப்புதான். ஆனால் முதன்மை நிறம் கருப்பு. தோள்தகட்டில் நீளவாக்கில் மூன்று சிவப்புக் கோடுகள்: இரு ஓரங்களில் இரண்டு, நடுவில் ஒன்று. நடுக்கோடு இல்லாமல் ஓரங்கள் மட்டும் சிவந்திருந்தால் அது ஜடேரா ஹெமடோலோமா. ஒரே ஒரு கோடு பேரினத்தையே மாற்றிவிடுகிறது.

*நீளக்கோடுகள்.* கிராஃபோசோமா இட்டாலிகம் யாராலும் மறக்க முடியாத பூச்சி. சிவப்பில் கருப்புக் கோடுகள் தலையிலிருந்து வால் வரை. தோள்தகட்டில் ஆறு, முக்கோணத்தில் நான்கு. முக்கோணம் மிகப் பெரிதாக வயிற்றின் பெரும்பகுதியை மூடிவிடுவதால் மணிநாவாய்ப்பூச்சி என்று ஏமாறுவார்கள், ஆனால் இது பென்டடோமிடே. கால்கள் கருப்பாக இருந்தால் இட்டாலிகம். ஆரஞ்சாக இருந்தால் தெற்கே காணப்படும் கிராஃபோசோமா லினியேட்டம். தோள்தகட்டில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் இருந்தால் கிராஃபோசோமா செமிபங்டேட்டம். மூன்றும் கேரட், பெருஞ்சீரகக் குடும்பத்துச் செடிகளின் பூங்கொத்துகளில் உட்கார்ந்திருக்கும்.

*முட்டைக்கோசு, கடுகில் கலவை நிறம்.* கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் சிறு சிறு திட்டுகளாகத் தெறித்திருந்தால் இரண்டு பெயர்கள் மோதும்: பக்ராடா ஹிலாரிஸ், முர்காண்டியா ஹிஸ்ட்ரியோனிகா. ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த பக்ராடா 2008-இல் கலிஃபோர்னியாவில் தென்பட்டதிலிருந்து இந்தக் குழப்பம் அமெரிக்காவிலும் தொடங்கியது. இங்கே அளவுகோல்தான் நீதிபதி. பக்ராடா 5 முதல் 7 மி.மீ. தான். முர்காண்டியா 8 மி.மீ.க்கு மேல் போகும், திட்டுகளும் பெரியவை. முட்டை கிடைத்தால் இன்னும் உறுதி. முர்காண்டியாவின் முட்டைகள் வெள்ளைப் பீப்பாய்கள், கருப்பு வளையங்கள் போட்டவை, இலையடியில் இரட்டை வரிசையில் பெரும்பாலும் பன்னிரண்டு. அச்சடித்த மாதிரி இருக்கும். பக்ராடா பெரும்பாலும் மண்ணில் ஒவ்வொன்றாக இட்டுவிடுகிறது, இலையில் தேடிப் பயனில்லை.

*வெள்ளைக் குறுக்குக்கோடு.* பின்னங்காலில் இலை போன்ற விரிவு இருந்தால் கோரியிடே குடும்பம். அதில் லெப்டோகிளாஸஸ் பேரினத்துக்குத் தோல்பகுதியின் வெள்ளைக் கோடே முகவரி. கோடு நேராக, அழுத்தமாக ஓடினால் லெப்டோகிளாஸஸ் ஃபைலோபஸ். நெளிந்த கோடும், தோள்தகட்டின் முன்பகுதியில் இரண்டு மஞ்சள் புள்ளிகளும் இருந்தால் லெப்டோகிளாஸஸ் ஜோனேட்டஸ். நெளிந்த மெல்லிய கோடு, மஞ்சள் புள்ளி இல்லை என்றால் ஊசியிலை மரங்களின் லெப்டோகிளாஸஸ் ஆக்ஸிடென்டாலிஸ்.

*மனித முகம்.* கேடகான்தஸ் இன்கார்னேட்டஸ் பற்றித் தனியாக எழுதவே ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் முந்திரி முதலிய மரங்களில் வாழும் பெரிய பூச்சி, ஏறக்குறைய 3 செ.மீ. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எந்த நிறத்திலும் வரும். தலை கீழாகத் தொங்கும்போது பார்த்தால் தோல்பகுதி ஒவ்வொன்றிலும் உள்ள கருப்புப் புள்ளி கண்ணாகவும், நடுவிலிருக்கும் முக்கோணம் மூக்காகவும் தெரியும். நிறம் எதுவானாலும் அந்தக் "கண்கள்" இடம் மாறுவதில்லை.

*பச்சையிலும் குறி உண்டு.* முன்பு சொன்ன நெசாரா விரிடுலாவின் முக்கோணத்தின் முன்விளிம்பில் வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளிகள், இரு மூலைகளிலும் ஒவ்வொரு கருப்புப் பொட்டு. தோள்தகட்டின் முன்பாதி மட்டும் மஞ்சளாக வரும் வகையும் இதே இனம்தான். ஐரோப்பியப் பச்சைப்பூச்சி பலோமினா பிராசினாவுக்கு இந்தப் புள்ளிகள் இல்லை, சவ்வும் பழுப்பு.

படி 6: உறிஞ்சுகுழலைப் பக்கவாட்டில் பாருங்கள்

முதுகின் கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பூச்சியின் தொழிலைச் சொல்வது அதன் குழல்தான். செடிச்சாறு உறிஞ்சுபவற்றின் குழல் மெலிந்து, நீண்டு, வயிற்றோடு ஒட்டி, கால்களுக்கு நடுவே படுத்திருக்கும். கொல்லி நாவாய்ப்பூச்சிகளின் குழல் தடித்து, குட்டையாக, கொக்கி போல வளைந்து தலையைவிட்டு விலகி நிற்கும். ரைனோகோரிஸ் பேரினத்தில் பல இனங்கள் சிவப்பு-கருப்பு. வயிற்று விளிம்பில் இரு நிறமும் மாறி மாறிக் கட்டம் போட்டிருக்கும். முதுகை மட்டும் பார்த்தால் எருக்கம்பூச்சி என்று கையில் எடுத்துவிடுவோம். குத்தினால் வலி கடுமையாக இருக்கும். அதனால் குழலைப் பார்க்கும் வரை எந்த வண்ண நாவாய்ப்பூச்சியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணாடிப் புட்டியும் ஒரு துண்டு அட்டையும் போதும்.

நாற்ற நாவாய்ப்பூச்சிகளுக்குள்ளும் வேட்டையாடுபவை உண்டு. உடம்பெல்லாம் நீல உலோகமாக மின்னும் ஜிக்ரோனா செருலியா வண்டுகளைத் தின்கிறது. உருளைக்கிழங்கு வண்டின் முட்டையையும் புழுவையும் தின்னும் பெரில்லஸ் பயோகுலேட்டஸ் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என எந்த நிறத்திலும் வரும். தோள்தகட்டின் இரண்டு கருந்திட்டுகள் மட்டும் அப்படியே. இவற்றின் குழல் கொக்கியாக வளையாது, ஆனால் நன்றாகத் தடித்திருக்கும்.

அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோயைப் பரப்பும் டிரையடோமா பூச்சிகளும் ரெடுவிடே குடும்பமே. அவற்றில் பலவற்றின் வயிற்று விளிம்பில் ஆரஞ்சு அல்லது சிவப்புக் கட்டங்கள் இருக்கும். அந்த விளிம்பை மட்டும் வைத்துப் பயந்துவிட வேண்டாம், லெப்டோகிளாஸஸ் உட்படப் பல அப்பாவிகளுக்கும் அது உண்டு. டிரையடோமாவின் குழல் மெலிந்து நேராகத் தலைக்கு அடியில் ஒட்டியிருக்கும், தலை நீண்டு கூம்பியிருக்கும், பின்னங்காலில் இலை விரிவு இருக்காது. மூன்றும் பொருந்தினால் தொடாமல் மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து உள்ளூர்ச் சுகாதாரத் துறையிடம் காட்டுங்கள்.

படி 7: நிறம் ஏமாற்றும் சந்தர்ப்பங்கள்

சட்டை உரித்த உடனே எந்த நாவாய்ப்பூச்சியும் வெளிறிய சிவப்பாகவோ, மஞ்சளாகவோ, புள்ளிகள் ஏதுமின்றி இருக்கும். சில மணி நேரத்தில் உடல் இறுகி, கருப்பு ஏறும். "புள்ளியே இல்லாத புது இனம்" என்று துள்ளுவதற்கு முன் பக்கத்தில் காலிச் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்வீடனில் கோடைக் கடைசியில் வளர்ந்து வெளிவரும் கிராஃபோசோமா பூச்சிகள் வெளிர்பழுப்பும் கருப்புமாக இருக்கின்றன. காய்ந்த புல்லில் அது நல்ல மறைவு. குளிர்காலத் தூக்கம் முடிந்து வரும்போது அதே பூச்சிகள் சிவப்பு. கோடுகளின் எண்ணிக்கையும் இடமும் இரண்டு பருவத்திலும் ஒன்றே. பொதுவாகக் குளிரில் வளர்ந்த பூச்சிகளுக்குக் கருப்புத் திட்டுகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் போக்கு பல இனங்களில் உண்டு. இரண்டு புள்ளி ஒரு பட்டையாக மாறியிருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஆண் பெண் வேறுபாட்டுக்கு ஆஸ்திரேலியாவின் செம்பருத்தி மணிநாவாய்ப்பூச்சி டெக்டோகோரிஸ் டையோஃப்தால்மஸைப் பாருங்கள். பெண் பெரும்பாலும் ஆரஞ்சு, ஆங்காங்கே உலோகத் திட்டு. ஆணுக்கு நீலமும் பச்சையும் சிவப்பும் மின்னும். முட்டைக் கொத்தின்மேல் காவல் உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சுப் பூச்சியையும் பக்கத்துக் கிளையில் இருக்கும் நீலப் பூச்சியையும் ஒரே இனம் என்று முதல் பார்வையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உலோக மினுக்கம் தனி விவகாரம். கிரைசோகோரிஸ் பேரினத்தின் பச்சைப் பளபளப்பு சாயம் அல்ல, ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. பார்க்கும் கோணம் மாறினால் பச்சை நீலமாகும். உலர்ந்த மாதிரிகளில் மங்கிவிடும். சில இனங்களில் நீரில் நனைத்தால் பழைய நிறம் திரும்புகிறது. மணிநாவாய்ப்பூச்சிகளில் பச்சையா நீலமா என்று வாதிடாமல், கருப்புப் புள்ளிகள் எங்கெங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: படம் எடுப்பதும், எங்கே நிறுத்துவது என்பதும்

நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் குழல் தெரிய ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, முடிந்தால் கண்ணாடிப் புட்டி வழியாக அடிவயிறு. பிறகு செடியின் இலையும் பூவும் தெரிய ஒரு படம். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படத்தைத்தான். நாவாய்ப்பூச்சிகளில் பல குறிப்பிட்ட செடிக் குடும்பத்தை விட்டு நகர்வதில்லை என்பதால் அது பாதி விடையைத் தந்துவிடும். அளவு தெரிய பக்கத்தில் ஓர் அளவுகோல். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான முதுகில் அது போடும் வெள்ளைத் திட்டைப் பார்ப்பவர்கள் புள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை ஏற்றினால் கணினியே ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். அதை விடையாக அல்ல, விசாரிக்க வேண்டிய ஆளாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கமே அது சாயும். சிவப்பு-கருப்புப் பூச்சி என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பரிந்துரைத்த இனம் உங்கள் பகுதியில் இருக்கிறதா, தனிக்கண் சோதனையில் தேறுகிறதா, தோள்தகடும் சவ்வும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று இடித்தாலும் அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

சில பேரினங்களில் குறிகள் ஓர் எல்லைக்கு மேல் உதவாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே முடிவு சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறையே அல்ல. தொடையின் கருப்பு படத்தில் தெரியாதபோது, "டிஸ்டெர்கஸ் பேரினம், வளர்ந்தது, வெள்ளைக் கழுத்துப்பட்டை உண்டு, தொடை தெரியவில்லை, பருத்தியில்" என்று எழுதுங்கள். தேதியையும் இடத்தையும் சேர்த்துவிட்டால், பின்னால் தெளிவான படம் கிடைக்கும்போது அந்தப் பதிவை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.